தொடையில் இருந்த சிரிப்பு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புக்கு இடம் தேடியபோது எனக்குக் கிடைத்தது உடற்கூறியல். நாள் முழுக்கச் செத்த உடல்களுக்கு நடுவே நிற்கிற படிப்பு. வலை கட்டிக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே, “உன் பேச்ச கேட்டுக்கினே இருந்தா அவங்க செத்தாங்க,” என்றார்.

“அவங்க ஏற்கெனவே செத்தவங்கதான் நைனா.”

“அத்தான் சொல்றேன். இன்னொரு தபா சாவாங்க.”

முதல் வருடம் முடிவதற்குள் ஆய்வுக்குத் தலைப்பு எடுக்க வேண்டும். எங்கள் துறை மேடம் ஒரு தாளை நீட்டினார். அதில் மூன்று தலைப்புகள் இருந்தன. கல்லீரலின் மடல்கள், மண்டையோட்டில் இருக்கும் துளைகள், தொடையின் உட்பக்கத் தசை ஒன்றின் அளவுகள். மண்டையோடுதான் கௌரவம் என்று எனக்குத் தோன்றியது. தொடையை அளந்தேன் என்று நாளைக்கு வெளியே சொல்ல முடியுமா? மண்டையோட்டில் விரலை வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அந்தத் தொடைத் தசைதாம்மா, பிளாஸ்டிக் சர்ஜன்ஸ் எடுத்து முகம் ஒரு பக்கம் செயலிழந்தவங்களுக்குக் கன்னத்துல வைக்கிறாங்க. வெச்சா சிரிப்பு வருமாம். யாராவது ஒழுங்கா அளந்து குடுத்தா அவங்களுக்கு உதவியா இருக்கும்,” என்றார்.

மண்டையோட்டிலிருந்து விரலை எடுத்துத் தொடையில் வைத்தேன்.

அதற்குக் காரணம் என் சித்தி. அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, அங்கேயே குந்திக்கொண்டு விற்பது அவள் தொழில். அவள் சிரிப்புக்குக் கடற்கரையில் தனிப் பேர் உண்டு. முதலில் தோள் குலுங்கும், அப்புறம் தராசு குலுங்கும், அப்புறம்தான் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்ததும் நாலு கூடை தள்ளி நிற்பவரும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்துவிடுவார். சிரித்தவர் சும்மா போக முடியாமல் அரைக்கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு போவார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இடது காதுக்கு முன்புறம் ஒரு கட்டி வந்தது. கட்டியை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். முகத்தை அசைக்கிற நரம்பு கட்டிக்குள்ளேயே சிக்கியிருந்ததால் அதையும் சேர்த்துத்தான் எடுக்க முடிந்தது. அன்று முதல் இடது கன்னம் அப்படியே தொங்கியது. டீ குடித்தால் அந்தப் பக்கம் வழியும். சிரித்தால் வலது பக்கம் மட்டும் மேலே ஏறும். பார்ப்பவருக்கு அது சிரிப்பாகத் தெரியாது, ஏளனமாகத் தெரியும். ஒருநாள் ஒரு அம்மா மீன் விலை கேட்டு, விலை கட்டுப்படாமல் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி ஆசையாகத்தான் சிரித்தாள். அந்த அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “இன்னாம்மே, நக்கலா? துட்டு இல்லாதவன்னு நெனச்சிக்கினியா?” என்று ஆரம்பித்து, போலீஸ் வரும் அளவுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் சித்தி சிரிப்பதை விட்டாள். தப்பித்தவறி சிரிப்பு வந்தாலும் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொள்வாள்.

தலைப்பை எடுத்த அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக அவளிடம் ஓடினேன். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“சித்தி, உன் தொடையில ஒரு சிரிப்பு கீது.”

“இன்னாடி ஒளர்ற? காலேஜ்ல இன்னா ஊத்திக் குடுத்தாங்க?”

உட்கார வைத்து விளக்கினேன். தொடையின் உட்பக்கத்தில், கவட்டையிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை, பாவாடை நாடாவைப் போல ஒல்லியாக ஒரு தசை ஓடுகிறது. கிராசிலிஸ் என்று பேர். அதன் வேலையை மற்ற தசைகளே பார்த்துக்கொள்ளும் என்பதால், அதில் ஒரு துண்டை எடுத்துவிட்டாலும் கால் ஊனமாகாது. அந்தத் துண்டை அதன் ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து, கடைவாய்க்கும் கன்ன எலும்புக்கும் நடுவில் வைத்துத் தைப்பார்கள். அது சுருங்கும்போது கடைவாயை மேலே இழுக்கும். நாம் அதைச் சிரிப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

சித்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் தொடையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “தொடைய எட்த்து மூஞ்சில வெச்சா, மூஞ்சி நடக்குமா?”

“நடக்காது. சிரிக்கும்.”

“படி ஏறினா கன்னம் வலிக்குமா?”

“வலிக்காது சித்தி.”

சித்தி தொங்கிய கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னாள். “எனுக்கு அழகெல்லாம் வேணாம் கண்ணு. அந்த வயசு போச்சு. சிரிச்சா சிரிச்ச மாதிரி இருக்கணும். அவ்ளோதான்.”

இப்படித்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே அவளை வேறொரு அரசு மருத்துவமனையிலிருந்த பிளாஸ்டிக் சர்ஜனிடம் கூட்டிப்போனேன். அவர் சித்தியின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்யலாம் என்று சொல்லி அவளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மற்றதை என்னிடம் சொன்னார். கன்னத்தில் வைக்கும் தசையின் நரம்பை, மெல்லுவதற்குப் பயன்படும் நரம்போடு சேர்த்துத் தைப்பாராம். அதனால் ஆரம்பத்தில் பல்லைக் கடித்தால்தான் கன்னம் மேலே ஏறும். பழகப் பழக, சிலருக்குக் கடிக்காமலே சிரிப்பு வரும், சிலருக்குக் கடைசி வரை வராது. ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் தசையே செத்துப்போகும். எல்லாம் சரியாக நடந்தாலும் அசைவு தெரிய மூன்று நான்கு மாதம் ஆகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, என் ஆய்வைப் பற்றிக் கேட்டார்.

“புத்தகத்துல இருக்குற அளவெல்லாம் வேற நாட்டு ஆளுங்களோடது. நம்ம ஊர்ல ஒடிசலான பெண்களுக்கு ரத்தக்குழாய் தசைக்குள்ள எந்த இடத்துல நுழையுதுன்னு நீங்க அளந்து குடுத்தா, நான் தொடையில சின்னதா கீறினா போதும்.”

என்னைக் கேட்டு ஒரு சர்ஜன் அறுக்கப்போகிறார்! திரும்பி வரும்போது பேருந்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

பத்து உடல்கள், இருபது தொடைகள். ஆண்கள் ஆறு பேர், பெண்கள் நான்கு பேர். கவட்டை எலும்பின் முன்முனையில் நூலின் ஒரு நுனியை வைத்து, தசையின் மேலேயே நூலைக் கொண்டுபோய், ரத்தக்குழாய் நுழையும் இடத்தில் மையால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு அந்த நூலை ஸ்கேலின் மேல் வைத்துப் படிக்க வேண்டும். தசையின் மொத்த நீளம், அகலம், நரம்பு நுழையும் இடம் எல்லாமும் இப்படியேதான். வேலை செய்துகொண்டே அவர்களிடம் பேசுவேன். அதில் ஒரு அம்மாவின் முன்கையில் பச்சை குத்தியிருந்தது, சின்னதாக ஒரு புள்ளிக்கோலம். அந்த அம்மாவுக்கு மட்டும் சித்தியின் கதையை முழுக்கச் சொன்னேன். ‘கொஞ்சம் ஒத்துழைங்கம்மா, ரத்தக்குழாய் எங்கன்னு சீக்கிரம் காட்டுங்க,’ என்று கெஞ்சவும் செய்தேன்.

பருத்தி நூலோடு எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. ஃபார்மலினில் ஊறி உப்பும், மை பரவும், பிரி பிரியும். மூன்றாவது நாளே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அப்பா வலை கட்டும் நைலான் இழையில் ஒரு சுருள் கேட்டு வாங்கி வந்தேன். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். ஊறாது, உப்பாது, வைத்த புள்ளி வைத்த இடத்திலேயே நிற்கும். இவ்வளவு வருடமாக இந்தத் துறையில் யாருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது தொடையையும் அதிலேயே அளந்து முடித்து, கணக்குகளை அழகாக அச்செடுத்து சர்ஜனிடமும் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். மேடத்திடம் காட்டுவதற்கு முன்னாலேயே கொடுத்தேன். அவ்வளவு அவசரம். சித்தியின் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

மேடம் கணக்குகளை மெதுவாகப் படித்தார். ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார். எழுந்து என்னோடு ஹாலுக்கு வந்து, ஒரு மேசையின் அருகே நின்று, தன் பையிலிருந்து பருத்தி நூலை எடுத்துத் தானே அளந்தார். அடுத்த மேசையிலும் அளந்தார். நான்கு தொடைகள் ஆயின.

“ஏம்மா, இவங்க எல்லாருக்கும் உன்னைக் கண்டா மட்டும் தொடை குட்டையாகிடுதா?”

என் எண்கள் எல்லாமே சில மில்லிமீட்டர் குறைவாக இருந்தன. எல்லாமே. ஒன்றுகூட அதிகமாக இல்லை.

“நீ எப்படி அளக்குற, செஞ்சு காட்டு.”

நைலான் இழையை எடுத்து எலும்பில் நுனியை அழுத்தினேன், மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். எங்கள் வீட்டில் இழையைக் கையில் எடுத்தால் விண்ணென்று தெறிக்கிற வரை இழுத்துத்தான் பிடிப்போம். தொய்வாகப் பிடித்தால் அப்பாவுக்குக் கெட்ட கோபம் வரும். ஐந்து வயதிலிருந்து வலை கட்டும்போது அவருக்கு எதிர்முனை பிடித்த கை இது. மேடம் அந்த இழையை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு புள்ளி வைத்து, இழுத்துக் காட்டினார், விட்டுக் காட்டினார். இழுத்தபோது இரண்டு புள்ளிகளும் விலகின. விட்டபோது நெருங்கி வந்தன. நான் தொடையின் மேல் இழுத்துப் புள்ளி வைத்திருக்கிறேன், ஸ்கேலின் மேல் விட்டுவிட்டுப் படித்திருக்கிறேன். இருபது தொடையிலும்.

“உங்க அப்பா என்ன வேலை பாக்குறார்?” என்று மேடம் கேட்டார்.

“மீன்பிடி, மேடம்.”

“அதான பார்த்தேன். தொடையில தூண்டில் போட்டிருக்க.”

மற்ற நாளாக இருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன். அன்று முடியவில்லை. தப்பான அளவு சர்ஜனின் மேசையில் இருக்கிறது. சித்திக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. அப்படியே அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். ஷேர் ஆட்டோக்காரரிடம், “அண்ணா, ஆளு ஏத்தாம போங்கண்ணா, எல்லா சீட்டுக்கும் நானே குடுக்குறேன்,” என்று கெஞ்சினேன். “இன்னா மேட்டரு, டெலிவரி கேஸா?” என்றார். “தொடை கேஸு,” என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை முறுக்கினார்.

சர்ஜன் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். நைலான், இழுப்பு, புள்ளி, அப்பா, எல்லாம். “சார், அந்தக் கணக்க கிழிச்சிப் போட்டுடுங்க சார், சித்திய தப்பான எடத்துல கீறிடாதீங்க,” என்று சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்திருப்பேன்.

“டாக்டர், நான் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி தோலுக்கு மேலயே ஒரு கருவிய வெச்சு ரத்த ஓட்டத்தோட சத்தத்தக் கேட்டு இடத்தக் குறிச்சுக்குவேன். உங்க கணக்கு சரியா இருந்தா எனக்கு தேடுற நேரம் மிச்சம், வெட்டு இன்னும் சின்னதா இருக்கும். தப்பா இருந்தா அரை விரல் அதிகமா கீறுவேன். உங்க கணக்க மட்டும் நம்பி யாரும் அறுக்க மாட்டாங்க.”

நிம்மதியில் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கூடவே கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. நான் இல்லாவிட்டால் நடக்காது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

“ஆனா நீங்க பண்ண தப்பத்தான் நாங்க தினமும் பயந்துக்கிட்டு இருக்கோம்,” என்றார் அவர். தசையும் அந்த இழையைப் போலத்தானாம். உடம்பில் இருக்கும்போது இழுபட்டிருக்கும், வெட்டி எடுத்ததும் சுருங்கிவிடும். சுருங்கிய நீளத்தை நம்பிக் கன்னத்தில் தைத்தால் இழுவை தப்பிப்போகும், அப்புறம் சிரிப்பு வராது. அதனால் வெட்டுவதற்கு முன்பே, தொடையில் இருக்கும்போதே, சம தூரத்தில் தையல் அடையாளம் போட்டுவிட்டு, கன்னத்தில் அதே தூரம் வரும்வரை இழுத்துத் தைப்பார்களாம். “போய் மறுபடி அளங்க. பருத்தி நூல்ல,” என்று அனுப்பினார்.

மறுபடி அளந்தேன். இருபதையும். ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் அளந்தேன். பச்சை குத்திய அம்மாவிடம் போனபோது, “மன்னிச்சிக்கங்கம்மா, இன்னொரு வாட்டி தொந்தரவு,” என்று வாய்விட்டே சொன்னேன். திங்கட்கிழமை மத்தியானம் திருத்திய கணக்கைச் சர்ஜனின் கையில் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை சித்தியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போகிறபோது அவள் என்னைக் கூப்பிட்டு, “எந்தக் காலு? ரைட்டா லெஃப்ட்டா? அப்பால மாத்திப்புடப் போறாங்க,” என்றாள். “எந்தக் காலா இருந்தாலும் சிரிப்பு ஒண்ணுதான், போ,” என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம்தான் சர்ஜன் வெளியே வந்தார். ரத்தம் ஓடுகிறது, இனிமேல் காத்திருக்க வேண்டியதுதான் என்றார். வெட்டு எவ்வளவு என்று கேட்டேன். விரலை நீட்டிக் காட்டினார். சின்னதுதான். அந்த நேரத்தில் எனக்குப் பெருமைப்படக்கூடத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. “ஒரு பக்கம் பன்னு வெச்சிக்கினு கீறேன்,” என்று அவளே சொல்லிக்கொண்டாள். வீக்கம் மெல்ல வடிந்தது. தினமும் மூன்று வேளை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கடித்தாள். ஒரு மாதம் கடித்தாள், இரண்டு மாதம் கடித்தாள். கன்னம் கல்லுப்போல இருந்தது. மூன்றாவது மாதமும் முடிந்தது. மீன் விற்கப் போக ஆரம்பித்துவிட்டாள், முந்தானை மறுபடியும் வாய்க்குப் போய்விட்டது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணாடியை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுவாள். “போவட்டும் வுடு கண்ணு. உசுரோட கீறேன் இல்ல,” என்பாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. தொடையில் சிரிப்பு இருக்கிறது என்று சொல்லி ஆசை காட்டியது நான்தான். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வழக்கம்போல வீட்டுக்கு மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தேன். சித்திக்கும் ஐஸ்காரருக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஐஸ் பாதி கரைந்த பெட்டியைக் கொண்டுவந்து முழுப் பெட்டி என்று இறக்கிவிட்டார் என்பது வழக்கு. சித்திக்குக் கோபம் வந்தால் சும்மா வராது.

“இது ஐஸா? தண்ணி! கலீஜ் தண்ணி! ஊத்திக்கினு போ உன் வூட்டுக்கு! மீனு நாறிச்சின்னா உன் தலையிலதான் கொட்டுவேன்!” என்று கத்திவிட்டு, பல்லை நறநறவென்று கடித்தாள்.

ஐஸ்காரர் திடீரென்று நின்றார். “இன்னாக்கா இது? திட்டிக்கினே சிரிக்கிற?”

“யாருடா சிரிச்சா? நானா? உன்ன பாத்து நான் சிரிக்கணுமா?” மறுபடி பல்லைக் கடித்தாள்.

“தோ! தோ சிரிக்கிறியே! கலாய்க்கிறியா என்ன?”

நான் அதைப் பார்த்துவிட்டேன். இடது கன்னம். கடைவாய் ஓரத்தில் லேசாக ஒரு குழி விழுந்தது, அப்படியே மேலே ஏறி, விட்டதும் இறங்கியது. கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு, மீன் தண்ணியில் வழுக்கிக்கொண்டு ஓடினேன்.

“சித்தி! கடி! இன்னொரு தபா கடி!”

“இன்னாத்த கடிக்கிறது?”

“பல்ல கடி சித்தி!”

கடித்தாள். ஏறியது. பக்கத்துக் கூடைக்காரி எழுந்து வந்து, “ஐயய்யோ, ஏறுதுடி!” என்றாள். இன்னொருத்தி, “எங்க, இன்னொரு வாட்டி கடிக்கா,” என்றாள். ஐந்து நிமிடத்தில் அந்த வரிசையில் மீன் விற்ற ஒருத்தியும் தன் கூடையிடம் இல்லை. எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டு, “கடி! வுடு! கடி! வுடு!” என்று வலை இழுக்கிற மாதிரி சத்தம் போட்டார்கள். சித்தி கடித்தாள், விட்டாள். யாரோ கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினார்கள். அதில் தன்னைப் பார்த்தபடி ஒரு முறை கடித்தாள். அப்போது அவள் தோள் குலுங்கியது. தராசு குலுங்கியது. சத்தம் வந்தது. மூன்று வருடத்துக்கு அப்புறம் அந்தச் சத்தம்! நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது, மூக்கு ஒழுகியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஐஸ்காரர் நடுவில் நின்றுகொண்டு, “அப்ப ஐஸு ஓகேவா?” என்று கேட்டார். “நாளைக்கு நல்ல ஐஸு கொண்டா,” என்று சித்தி அவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எங்கள் பாடு கொண்டாட்டம்தான். சித்திக்குச் சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சிரிப்பு வரும். “சோறு அவ்ளோ நல்லா கீதா?” என்று அம்மா கேட்பாள். கொருக்குப்பேட்டையில் ஒரு சாவு வீட்டுக்குப் போன இடத்தில் சித்தி வெற்றிலையை வாயில் போட்டு மென்றுகொண்டே பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு மெல்லலுக்கும் கன்னம் ஏறி இறங்கியது. மறுநாளே அந்த வீட்டிலிருந்து, ‘எங்க நைனா செத்ததுல உன் சித்திக்கு அவ்ளோ சந்தோஷமா?’ என்று எனக்கு போன் வந்தது. கன்னத்தில் தொடைத் தசை, மெல்லும் நரம்பு என்று கால் மணி நேரம் விளக்கினேன். போனில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அப்ப சாவு வூட்ல வெத்தல போட வேணாம்னு சொல்லு,” என்று வைத்துவிட்டார். கடிக்காமல் சிரிப்பு எப்போது வரும் என்று சித்தி என்னைக் கேட்பாள். எனக்கு அதுதான் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. கடித்து வருவது தசையின் வேலை. கடிக்காமல் வந்தால்தான் அவள் சிரிப்பு. சிலருக்கு அது வராது என்று சர்ஜன் சொன்னதை நான் சித்தியிடம் மறைத்துவிட்டேன். நான் மறைத்த ஒரே விஷயம் அதுதான்.

ஆய்வேடு அச்சாகி வந்தது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து, நான்கு பிரதிகள். பெருமை தாங்காமல் ஒன்றைச் சித்தியிடம் எடுத்துக்கொண்டு போனேன். எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்காமல், படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

“இதெல்லாம் யாரு தொடைடி?”

“பேரெல்லாம் தெரியாது சித்தி. யாரும் தேடி வராத ஆளுங்க, தானமா குடுத்தவங்க, எல்லாம் கலந்துதான்.”

“எத்தினி பேரு?”

“பத்து.”

“அவங்களுக்கு யாராவது படையல் போட்டாங்களா?”

எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு ஒருமுறை பூ வைத்து மரியாதை செய்வோம், உண்மைதான். சித்தி கேட்டது அது இல்லை. செத்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, இலை போட்டு, வந்து சாப்பிட்டுப் போங்கள் என்று கூப்பிடுவது. எங்கள் பக்கம் அது செய்யாவிட்டால் செத்தவர் பசியோடு அலைவார் என்பார்கள்.

“அடுத்த ஞாத்திக்கெழம போட்டுர்லாம்,” என்று அவள் முடிவு செய்துவிட்டாள். “எத்தினி ஆம்பள, எத்தினி பொம்பள?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தியின் வீட்டுத் தரையில் பத்து இலை விழுந்தது. யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால் எல்லாமே இருந்தது. வஞ்சிரம் வறுவல், நண்டு, கறிக்குழம்பு, முட்டை. மீன் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் என்ன செய்வது என்று சாம்பாரும் இருந்தது. ஆறு இலைக்கு பீடிக்கட்டும் ஒரு குவார்ட்டரும். நான்கு இலைக்குப் பூவும் வெற்றிலையும். “குடிக்காத ஆளு இருந்தா?” என்று கேட்டேன். “பக்கத்து எலைக்காரனுக்குக் குடுத்துருவான், நீ கவலப்படாத,” என்றாள். பச்சை குத்திய அம்மாவுக்கு இரண்டு முழம் மல்லி தனியாக வைக்கச் சொன்னேன், வைத்தாள்.

“போட்டோ இல்லாம எப்டி கும்புடறது?” என்று அப்பா கேட்டார்.

சித்தி நேராக என் ஆய்வேட்டை எடுத்துச் சுவரோடு சாய்த்து வைத்தாள். நான் தடுப்பதற்குள் தங்க எழுத்தின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு சாமந்தி மாலையையும் போட்டுவிட்டாள்.

“சித்தி! அது யுனிவர்சிட்டிக்கு அனுப்பணும்!”

“இன்னும் மூணு கீது இல்ல?”

கற்பூரம் ஏற்றினாள். அம்மாவும் அப்பாவும் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். நானும் கைகூப்பினேன், கண்ணை மட்டும் மூடவில்லை. படித்த படிப்பு அப்படி, யார் முகத்தைப் பார்த்தாலும் தோலுக்கு அடியில் எது வேலை செய்கிறது என்றுதான் கண் போகும். பல்லைக் கடித்தால் தாடையின் மூலையில், காதுக்குக் கீழே, ஒரு தசை புடைக்கும். யார் மறைத்தாலும் அதை மறைக்க முடியாது.

சித்தி இலைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். “யார் பெத்த புள்ளைங்களோ,” என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். “வந்து சாப்புடுங்க. எம்மூஞ்சியயும் ஒரு தபா பாத்துட்டு போங்க.”

சொல்லிவிட்டு அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். வலது கன்னமும் இடது கன்னமும் சேர்ந்து ஏறின. நான் தாடையின் மூலையைப் பார்த்தேன். அது புடைக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தனித்தனியாக இருந்தன. கடிக்கவே இல்லை. அவளுக்கு அது தெரியவும் இல்லை.

சொல்ல வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன்.

“இன்னாடி என் மூஞ்சியவே பாத்துக்கினு கீற?” என்றாள் சித்தி. “கண்ண மூடி கும்புடு.”